சொன்னபடியே எழுதியது

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். முழங்கால் வலி மட்டும் உன்னை விட்டுப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. எலும்பு ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக மாவுக்கட்டுப் போடுகிற நர்ஸுக்குச் சொந்தக் காலைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று டாக்டர் கேலி செய்கிறார். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஆமாம் என்று எழுதாதே, நம்பமாட்டேன்.

உன் சபையைச் சேர்ந்த டீச்சர் ஒருத்தி மணிக்கட்டை உடைத்துக்கொண்டு இங்கே வந்தாள். நீ மறுபடியும் வியாழக்கிழமைகளில் சிறைச்சாலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாய் என்று பெருமையாகச் சொன்னாள். எனக்குக் கத்தரிக்கோல் கையிலிருந்து விழுந்துவிட்டது. அந்த லாரி கிளீனர் அதே சிறையில்தானே இருக்கிறான்?

உன் மகனை, நம் வாலுவைக் கொன்றவன். பட்டப்பகலில், பெட்ரோல் பங்கில், பின்னால் வந்த லாரி பைக் கண்ணாடியை உடைத்துவிட்டதே என்று பிள்ளை நாலு வார்த்தை கேட்டதற்கு, சக்கரம் கழற்றுகிற ஸ்பேனரால் மண்டையில் அடித்தவன். ஒரு அடி என்றால் கோபம் என்று சொல்லிக்கொள்ளலாம். விழுந்து கிடந்தவனை இரண்டாவது தடவை அடித்தானே, அதற்கு என்ன பெயர்? கோர்ட்டு பதினாலு வருஷம் என்றது. எனக்குப் போதவில்லை.

உன் மனைவி பிரசவத்தில் போன பிறகு ஏழு வயது வரை வாலுவை வளர்த்தவள் நான். லைட்டை அணைக்க விடமாட்டான். அணைத்தால் போதும், "அத்தை" என்று தெருவையே கூட்டிவிடுவான். இருபது வயசில் போய்விட்டான். கடைசியில் என்ன சொன்னான் என்று ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. பங்கில் இருந்தவர்கள் எல்லாரும் பயந்து ஓடிவிட்டார்கள். அடிபட்டவர்களை நான் தினமும் பார்க்கிறேன், ஏதாவது ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கமாட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறேன்.

உடனே பதில் போடு.

உன் அக்கா

* * *

ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் ஸ்தோத்திரம். சுகமாக இருக்கிறேன். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தாயா?

வாரம் எப்போதும் போலத்தான் போகிறது. திங்கள் ஒரு அடக்கம். செவ்வாய் வீடு சந்திப்பு. புதன் ஜெபக்கூட்டம், வந்தவர்கள் ஒன்பது பேர், தூங்கியவர்கள் நாலு பேர். வெள்ளியும் சனியும் பிரசங்கம் எழுதுவதும் கிழிப்பதும். முன்பெல்லாம் இரண்டு தாளில் முடியும். இப்போது கூடை நிறைந்த பிறகுதான் முதல் வரி வருகிறது.

வியாழன் சிறை. அங்கே என் வேலை உனக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நான்தான் கை, நான்தான் கண். வரிசையில் வந்து உட்காருவார்கள். சொல்வதை எழுதித் தருவேன், வந்த கடிதத்தைப் படித்துக் காட்டுவேன். சிறை முகவரிக்கு வருவது கைக்குக் கிடைக்க மாதமாகும் என்பதால் பலருக்கும் கடிதம் என் வீட்டு முகவரிக்கே வரும்.

நேற்று வரிசையின் கடைசியில் அவன் நின்றிருந்தான். எல்லாரும் போகிறவரைக்கும் நின்றான்.

"ஐயா, எனக்கு எழுத உங்களுக்கு மனசு வராதுன்னு தெரியும். வேற ஆளில்லை. அம்மாவுக்கு ரெண்டு வரி."

உட்காரச் சொன்னேன். அவன் கைகளை மேஜைமேல் வைத்தான். பெரிய கைகள், நகத்துக்குள் இன்னும் கிரீஸ். அவற்றைப் பார்த்துக்கொண்டே பேனாவைத் திறந்தேன்.

"ஐயா, அன்னிக்கு உங்க மகன்..." என்று ஆரம்பித்தான்.

"கடிதத்தை மட்டும் சொல்லு" என்றேன். பேனா முள் தாளைக் கிழித்துவிட்டது. வேறு தாள் எடுத்து அவன் சொன்னதை எழுதினேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், நீ அழாதே, இதை எழுதித் தருவது அந்தப் பையனின் அப்பா என்று அம்மாவுக்கு எழுதச் சொன்னான். எழுதி முடித்ததும் உறையை ஒட்டி, நானே தபால் பெட்டியில் போட்டேன்.

இது என் ஊழியம், அக்கா. ஆள் பார்த்துச் செய்ய முடியாது.

உன் தம்பி

* * *

ஜூன் 21

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

எந்தக் கையால் நம் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாயோ அதே கையால் அந்தக் கொலைகாரனின் அம்மாவுக்கு, "நீ அழாதே" என்று எழுதினாயா? எனக்கு அழாதே என்று யார் எழுதினார்கள்? உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு தட்டை உடைத்தேன். பிறகு இன்னொன்று. பக்கத்து வீட்டுப் பெண் வந்து, "என்ன ஆச்சு?" என்று கேட்டாள். கை தவறிவிட்டது என்றேன்.

உன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் தெரியுமா? அவன் அம்மாவிடமிருந்து பதில் வரும் அல்லவா? அதைப் பிரித்து, அவன் முகத்துக்கு நேராகப் பிடித்து, "உங்கம்மா செத்துட்டா" என்று படித்துக் காட்டுவேன். அவனுக்குத்தான் படிக்கத் தெரியாதே. அப்போது தெரியட்டும் அவனுக்கு, வயிறு எப்படி எரியும் என்று.

நீ போதகர், நீ செய்யமாட்டாய். நான் நர்ஸ். கோணலாக ஒட்டிய எலும்பைத் திரும்ப உடைக்கும்போது நோயாளியைப் பிடித்துக்கொள்கிறவள். எனக்கு மனசு இப்படித்தான் இருக்கிறது.

அக்கா

* * *

ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறதே என்று நினைக்காதே. இடது கையால் எழுதுகிறேன். ஆலயத்துப் பக்க அறைக் கதவு வலது கைமேல் சாத்திக்கொண்டது. சுண்டுவிரல் முட்டியில் சின்ன முறிவு, கட்டுப் போட்டிருக்கிறார்கள். மூன்று வாரத்தில் சரியாகிவிடும்.

அவன் அம்மாவின் பதில் பத்தாம் தேதி வந்தது. அன்றைக்கே கொண்டுபோய்ப் படித்தேன்.

இந்த வாரம் பிரசங்கம் எழுத முடியவில்லை. பழைய பிரசங்கம் ஒன்றை வாசித்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

தம்பி

* * *

ஜூலை 26

தம்பிக்கு,

நான் நலம். நீ நலமில்லை.

என்னிடமே கதை விடுகிறாயா? கதவில் நசுங்கினால் விரல் நுனி போகும். சுண்டுவிரல் முட்டி உடைந்து வருகிறவர்கள் எல்லாரும் ஒரே ரகம். சுவரைக் குத்தினவன், இல்லாவிட்டால் ஆளைக் குத்தினவன். வாரத்துக்கு இரண்டு பேருக்குக் கட்டுகிறேன். அவர்களும் கதவு என்றுதான் சொல்வார்கள்.

நீ குத்தினது சுவரையா, அவனையா?

இன்னொன்று. "படித்தேன்" என்று எழுதியிருக்கிறாய். என்ன படித்தாய் என்று எழுதவில்லை. ஒருத்தன் வீட்டுக்குப் போய் ஒரு வாய் காபி குடித்தால் அதைக்கூட அரைப் பக்கம் எழுதுகிறவன் நீ.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுது.

அக்கா

* * *

ஆகஸ்ட் 3

என் ராசாவுக்கு,

அம்மா சொல்ல, நான் பாத்திரம் கழுவுற சாப்பாட்டுக்கடை முதலாளியம்மா எழுதுறாங்க. நான் நல்லா இருக்கேன். மூச்சிரைப்பு முன்னைக்குப் பரவாயில்லை. உனக்கு உடம்பு எப்படி?

இது மூணாவது கடிதாசி. ரெண்டுக்கும் நீ பதில் போடலை. என்மேல கோவமா? கோர்ட்டுக்கு நான் வரலைன்னு மனசுல வச்சிருக்கியா? அன்னிக்கு எழுந்து நிக்க முடியலைப்பா.

உன் கடிதாசியை எழுதிக் கொடுத்தது அந்தப் பையனோட அப்பான்னு நீ சொல்லியிருந்தே. அதைக் கேட்டுட்டு எனக்குச் சோறு இறங்கலை. அவர் கால்ல என் சார்பா விழு. அவர் ஒதைச்சாலும் வாங்கிக்கோ.

இருபத்தெட்டாம் தேதி வியாழக்கிழமை பஸ் ஏறி வர்றேன். முதலாளியம்மா ஒரு நாள் லீவு தந்திருக்காங்க. உன் முகத்தைப் பார்த்தாப் போதும்.

இப்படிக்கு உன் அம்மா

* * *

ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இத்துடன் இருக்கிற கடிதத்தை முதலில் படி. அவன் அம்மா எழுதியது. படித்துவிட்டாயா?

நீ எழுதியதை நான் செய்துவிட்டேன்.

ஜூலை பத்தாம் தேதி, அதே மேஜை. கடிதத்தைப் பிரித்தேன். "என் ராசாவுக்கு" என்று ஆரம்பித்தது. எனக்கு இனி அப்படிக் கூப்பிட மகனில்லை. தாளைப் பார்த்தபடியே, பிரசங்கம் வாசிக்கிற அதே குரலில், "உங்க அம்மா போன வாரம் காலமாயிட்டாங்க. பக்கத்து வீட்டுல எழுதியிருக்காங்க" என்று படித்தேன்.

அவன் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தான். பிறகு நெற்றியை மேஜையின் இரும்பு விளிம்பில் மோதினான். திரும்பத் திரும்ப மோதினான். காவலுக்கு நின்ற வார்டர்கள் ஓடி வந்து இழுக்கிறவரைக்கும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு. ரத்தம் என் சட்டைக் கையில் தெறித்தது. அக்கா, உன்னிடம் மறைக்கமாட்டேன், எனக்கு இனித்தது. இரண்டுக்கு ஆறு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையை ஊறவைக்கும்போதுதான் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தேன். சுவரைக் குத்தினேன். நீ கண்டுபிடித்தது சரி.

அடுத்த வியாழன் தலையில் தையலோடு வந்து, "அம்மாவுக்கு ஒரு ஜெபம் பண்ணுங்க ஐயா" என்றான். பண்ணினேன். எங்கேயோ பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறவளுக்கு அடக்க ஜெபம். அவன் ஆமென் சொன்னான்.

அதன் பிறகு அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. போன திங்கட்கிழமை போர்வையைக் கிழித்துக் கயிறாகத் திரித்து ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறான். ஒரு வார்டர் தற்செயலாக அந்தப் பக்கம் போனதால் பிழைத்தான். அவள் இருபத்தெட்டாம் தேதி வருகிறாள். அதுவரைக்கும் அவன் இருப்பானா என்று தெரியவில்லை. நான் வாயைத் திறந்தால் போதும். திறக்கப் போகும்போதெல்லாம் அந்த இரண்டாவது அடி என் கண் முன்னால் விழுகிறது. வாய் மூடிக்கொள்கிறது.

உன் தம்பி

* * *

ஆகஸ்ட் 17

தம்பி,

இதைப் படித்ததும் கிளம்பு.

நீ எழுதியதைப் படித்துவிட்டு மாவுக்கட்டு அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சொன்னது என் வாய். நீ திரும்பச் சொல்லியிருக்கிறாய், அவ்வளவுதான். தட்டை உடைத்ததோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். கோபத்தில் ஆயிரம் பேசுவேன் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்க நினைத்தேன். கேட்கமாட்டேன். எழுதும்போது எனக்கும் இனித்தது.

அவனை மன்னித்துவிடு என்று நான் சொல்லவில்லை. நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை. அந்த ஸ்பேனரை நினைக்காமல் எனக்கு ஒரு நாள் விடிவதில்லை. ஆனால் அந்தப் பொம்பளை நமக்கு என்ன செய்தாள்? மூச்சிரைப்போடு பஸ் ஏறி வந்து, மகன் தூக்கில் தொங்கிவிட்டான் என்று கேட்க வேண்டுமா? வாசலில் பிணத்தை இறக்கும்போது நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கும் உனக்கும் தெரியும்.

அவன் அம்மாவின் கடிதத்தை இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன். இருபத்தோராம் தேதி வியாழன். போ. "உங்கம்மா உயிரோட இருக்காங்க" என்று சொல்லு. மூன்றே வார்த்தை. அவன் உன்னை அடித்தால் வாங்கிக்கொள். தாடையைப் பார்த்துக்கொள், பற்களை இறுக்கிக்கொண்டு இரு.

அக்கா

* * *

ஆகஸ்ட் 23

அன்புள்ள அக்காவுக்கு,

பற்களை இறுக்கிக்கொள்ள மறந்துவிட்டேன். தாடை இரண்டு இடத்தில் முறிந்து, கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஆறு வாரம் பேசக்கூடாது. கஞ்சியைக் குழாயில் உறிஞ்சுகிறேன். வலது கை சரியாகிவிட்டது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

சொன்னேன். மூன்று வார்த்தையையும் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. "நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். அவன் எழுந்தான். முதல் குத்தில் தாடை போனது, சத்தம் மண்டைக்குள் கேட்டது. கீழே விழுந்தேன். கழுத்தைப் பிடித்தான். முகத்துக்கு நேரே அவன் முகம். வாலு கடைசியாகப் பார்த்தது இதைத்தானே என்று நினைத்தேன். பயமாக இருந்தது, அக்கா. நான் சாக விரும்பவில்லை. என் பிள்ளையும் விரும்பியிருக்கமாட்டான்.

வார்டர்கள் வந்துவிட்டார்கள். தடி அவன் முதுகில் விழுந்தது, அந்த மாதிரிச் சத்தத்தைத் துணி துவைக்கிற இடத்தில்தான் கேட்டிருக்கிறேன். நான் தவழ்ந்து போய் அவன்மேல் விழுந்தேன். அன்பினால் இல்லை. என் பெயரைச் சொல்லி இன்னொரு அடி விழக்கூடாது, அவ்வளவுதான். இரண்டு அடி எனக்கு விழுந்தது. பிறகு நிறுத்தினார்கள்.

மூன்று கடிதங்களையும் எடுத்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை. "நீங்க படிக்க வேண்டாம். இனிமே நீங்க எது படிச்சாலும் நான் நம்பமாட்டேன்" என்றான். மீசைக்கார வார்டர் ஒருவர் உண்டு, எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அவர் படித்தார். "என் ராசாவுக்கு" என்றதும் அவன், "நிறுத்துங்க. அது எங்கம்மாதான்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சிறை அதிகாரிக்கு நடந்ததை முழுவதும் எழுதிக் கொடுத்தேன், அடித்ததற்கு அவன்மேல் வழக்கு வேண்டாம் என்றும் எழுதினேன். அவர் என்னை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். "எழுத வேற ஆளில்லை. வாங்க, எழுதுங்க. ஆனா நீங்க எழுதுறதை இனி வார்டர் படிச்சுக் காட்டின பிறகுதான் வெளியே போகும்" என்றார். பிஷப்புக்கும் எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. ஞாயிறு பிரசங்கத்துக்கு வேறு ஆள் வருகிறார். எனக்கு அது நிம்மதியாக இருக்கிறது.

வாலு கடைசியில் என்ன சொன்னான் என்ற உன் கேள்வி பாக்கி இருக்கிறது. அவனிடம்தான் கேட்க வேண்டும், முதல் நாள் அவனாகவே சொல்ல வந்தான், நான் வாயை அடைத்தேன். இனிக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. என்னை மன்னித்துவிடு.

உன் தம்பி

* * *

செப்டம்பர் 4

ஐயாவோட அக்காவுக்கு,

கிளீனர் சொல்லி எழுதுறது. உங்களுக்கு வணக்கம் வைக்க எனக்குத் தகுதியில்லை. இருந்தாலும் வைக்கிறேன். உங்களுக்கு முழங்கால் வலின்னு ஐயா எழுதிக் காட்டினதா வார்டர் சொன்னார், தேவலையா? ஐயா பேச முடியாம எழுதுறார், நான் சொல்றேன்.

அம்மா வந்தாங்க. வந்ததும் கன்னத்துல ஒண்ணு விட்டாங்க. "இது அந்தப் பிள்ளைக்கு"ன்னாங்க. அப்புறம் தலைத் தையலைத் தடவிப் பார்த்து அழுதாங்க. ஐயா ஓரமா நின்னுட்டிருந்தார். அம்மா அவர் கால்ல விழப் போனாங்க, அவர் தள்ளிப் போயிட்டார். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே இல்லை.

ஆறு வாரம் எனக்கு அம்மா இல்லை. தினமும் செத்தேன். அப்புறம் ஒருத்தர் வந்து அது பொய்னு சொல்லிட்டார். உங்களுக்கு அப்படி யாரும் வந்து சொல்லமாட்டாங்க. இது எனக்கு முன்னாடி தெரியாது. இப்பத் தெரியுது.

ரெண்டாவது அடி ஏன் அடிச்சேன்னு வக்கீல் கேட்டார். தெரியலைன்னேன். தெரியும். கீழே விழுந்தவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை நிக்கணும்னு அடிச்சேன். வேற காரணம் இல்லை. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கலை. கேட்டா நீங்க ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இது என் கைநாட்டு.

(பெருவிரல் ரேகை)

வார்டர் எழுதுவது: மேலே உள்ளதைக் கைதிக்குப் படித்துக் காட்டினேன். சொன்னபடியே இருக்கிறது, ஒரு வரி தவிர. கைநாட்டுக்கு முன்னால் தான் சொன்ன ஒரு வரியை ஐயா எழுதாமல் விட்டுவிட்டார் என்று கைதி கண்டுபிடித்தான். "விட்டதை எழுதச் சொல்லுங்க" என்றான். ஐயா பேனாவை மூடினார், மறுபடியும் திறந்தார். பிறகு தன் கையாலேயே கீழே சேர்த்திருக்கிறார். அதையும் படித்துக் காட்டிவிட்டேன். சரியாக இருக்கிறது.

உங்க பையன் கடைசியா அப்பாவைக் கூப்பிடலை. நல்ல வெயில் அடிச்சிட்டிருந்தது. கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே, "அத்தை, லைட்டைப் போடு"ன்னான்.